சுயசான்று கட்டட அனுமதி: தண்ணீர் நிற்கும் மனையில் இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு தொடங்கிய சுயசான்று கட்டட அனுமதிக்கு வேகத்தில் முழு மதிப்பெண் தரலாம். தொடங்கியபோது வைத்த வரம்பு இது: மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரையும் முதல் மாடியுமோ கொண்ட குடியிருப்பு. இந்த வரம்புக்குள் வந்தால் ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிப் பணம் கட்டியதும் அனுமதி கைக்கு வந்துவிடுகிறது. முன்கூட்டி ஆள் வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் கிடையாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம்தான், அது ஊருக்கு ஊர் மாறும். மேட்டு மனையில் சின்ன வீடு கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இதற்குமுன் இருந்ததில்லை.

சென்னையிலும் சுற்றிலும் தண்ணீர் தேங்கும் வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், மணலி புதுநகர் பக்கம் மனை வைத்திருப்பவருக்கு இந்த மதிப்பெண் பொருந்தாது. அங்கே வீடு கட்டுவதில் முதல் கேள்வி, தரையை எந்த மட்டத்தில் வைப்பது என்பது. இரண்டாவது, மனைக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பது. சுயசான்று முறை இந்த இரண்டையும் கேட்பதில்லை. பத்திரம், பட்டா, அளவு, மாடி எண்ணிக்கை, பக்க இடைவெளி ஆகியவற்றைப் பார்க்கிறது. மற்றதெல்லாம் உரிமையாளர் தரும் உறுதிமொழிக்குள் போய்விடுகிறது. தகவல் தவறு என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும், பொறுப்பும் உரிமையாளருடையது.

நியாயமாகச் சொன்னால், பழைய முறையிலும் சின்ன வீட்டுக்கு யாரும் மட்டக்கருவி தூக்கிக்கொண்டு வந்து பார்த்ததில்லை. சாலை அகலம், பக்க இடைவெளி, மனையின் எல்லை, இவ்வளவுதான் பார்வை. எனவே புதிய முறை வெள்ளப் பாதுகாப்பைக் குறைத்துவிட்டது என்று குறை சொல்ல முடியாது. முன்பு இல்லாத ஒன்று இப்போதும் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம், ‘அரசு பார்த்துத்தானே கொடுத்தது’ என்று சொல்லிக்கொள்ள இனி வழியில்லை.

ஏற்றும் முன் வரைபடத்தைப் படியுங்கள்

இணையதளம் கேட்கும் ஆவணங்கள் எளியவை. கிரயப்பத்திரம், பட்டா, புல வரைபடம் அல்லது நகர நிலஅளவைப் பதிவேட்டுப் பகுதி, மனைப்பிரிவு அங்கீகார ஆணை அல்லது (அங்கீகாரமில்லாமல் பிரித்த மனையைப் பின்னால் முறைப்படுத்திய) வரன்முறை ஆணை, மனையின் புகைப்படம், கட்டட வரைபடம். பெரும்பாலும் சிக்கல் வருவது உட்பிரிவில்தான். பத்திரத்தில் 112/3 என்று இருக்கும், பட்டாவில் 112/3ஏ2 ஆகியிருக்கும். அல்லது பத்திரப் பரப்பு பட்டாப் பரப்பைவிட நாற்பது சதுர அடி கூடியிருக்கும். இதைச் சரிசெய்யாமல் ஏற்றினால் நிமிடக் கணக்கெல்லாம் வாரக் கணக்காகிவிடும். முதலில் உட்பிரிவு, பிறகு விண்ணப்பம்.

அந்தப் புல வரைபடத்தை ஏற்றுவதோடு நிறுத்தாமல் படித்துப் பார்க்க வேண்டும். மனையின் ஓரமாக இரட்டைக்கோடு ஒன்று ஓடினால் அது பாதையா, வாய்க்காலா, ஓடையா என்று பக்கத்துப் புல எண்ணின் அ-பதிவேட்டில் (புல எண்வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்ப் பதிவேடு) வகைப்பாட்டைப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, ஏரி, குட்டை, கழுவெளி என்று அங்கே எழுதியிருக்கும். பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் வருவாய்த்துறையின் இணைய சேவையில் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் வரைபடத்தில் அந்த வாய்க்காலுக்கு எத்தனை மீட்டர் அகலம் காட்டியிருக்கிறதோ அதை நேரில் டேப் வைத்து அளந்து பாருங்கள். 6 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 2 மீட்டர்தான் இருக்கிறது என்றால், மீதி 4 மீட்டர் அகலத்தில் போக வேண்டிய தண்ணீர் மழைக்காலத்தில் உங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஆக்கிரமிப்பு நாளைக்கே அகற்றப்பட்டாலும் அளவெடுப்பது உங்கள் சுவரிலிருந்து தொடங்கலாம். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் கட்டட அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வராது.

கிராம வரைபடத்தையும் ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது. ஏரியின் கரை, மதகு (பாசனத்துக்கு நீர் திறக்கும் வாய்), கலங்கல் (ஏரி நிரம்பினால் வழியும் இடம்) எந்தப் பக்கம் என்று அதில்தான் புரியும். கலங்கலுக்கு நேர் கீழே, மிகைநீர் போகும் தடத்தில் உள்ள மனைக்கும், மதகுக்குக் கீழே பழைய நஞ்சையாக இருந்த மனைக்கும் நிறைய வேறுபாடு உண்டு. நஞ்சை மனையில் தண்ணீர் மெதுவாக ஏறும், வடிய நாள் ஆகும். கலங்கல் தடத்தில் ஒரே இரவில் வேகமாக வரும். ஏரியின் உள்வாயில் (தண்ணீர் பரவி நிற்கும் பகுதியில்) பட்டா நிலமே இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள், பல ஊரில் அது உண்மையும்கூட. ஏரி நிரம்பும் வருடம் பட்டாவைக் காட்டித் தண்ணீரை நிறுத்த முடியாது.

விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது மாநிலம் முழுக்கப் பொருந்துகின்றன. நீர்நிலைக்கு 15 மீட்டருக்குள் வரும் மனைக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. கடற்கரை, கழிமுகம் பக்கம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி சேர்ந்துகொள்ளும். செங்குன்றம் நீர்ப்பிடிப்பும் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் சென்னைப் பெருநகர் முழுமைத் திட்டத்திலேயே கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகள். பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் தலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும் ஆனது. 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி தரக்கூடாது என்று சொன்னதும் பெருங்குடி, பெரும்பாக்கம் பக்கம் பலர் விழித்துக்கொண்டார்கள். அந்தச் சுற்றுவட்டத்தில் மனை என்றால் விண்ணப்பப் பணம் கட்டும் முன் அன்றைய நிலையை சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் மேலே இருக்க வேண்டிய ஒன்று இங்கே இல்லை. வெள்ளச் சமவெளியை மண்டலமாகப் பிரித்து எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் மாதிரிச் சட்ட வரைவை மத்திய அரசு 1975இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற ஒரு சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. தமிழ்நாடு ஆக்கவில்லை. அந்த அணுகுமுறையில் மருத்துவமனை, மின்நிலையம் போன்றவை 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ள மட்டத்துக்கு மேலும், வீடுகள் 25 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேலும் இருக்க வேண்டும். ஆபத்தான இடத்தில் தூண்கள் மேல் கட்ட வேண்டும். இப்படி ஒரு எண் சட்டத்தில் இருந்திருந்தால் இணையதளத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்திருக்கும்.

ஒளிந்திருக்கும் நிபந்தனைக் கடிதம்

பெரிய மனைப்பிரிவுக்கோ அடுக்ககத்துக்கோ அனுமதி கேட்டால் கதை வேறு. நீர்வளத்துறையிடம் வெள்ளத் தேக்கம் பற்றிய தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அவர்கள் இடத்தைப் பார்த்து, பக்கத்து ஏரி அல்லது ஆற்றின் வெள்ள மட்டத்தை வைத்து, ‘மனையைக் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் வரை நிரப்ப வேண்டும், உள் வடிகாலை இந்த வாய்க்காலில் சேர்க்க வேண்டும், வாய்க்காலின் அகலத்தைக் குறைக்கக்கூடாது’ என்று நிபந்தனைகள் போடுவார்கள். தமிழ்நாட்டு நடைமுறையில் மட்டம் என்ற எண் அதிகாரபூர்வமாக எழுதப்படுவது அநேகமாக இந்த ஒரு காகிதத்தில்தான்.

மனை வாங்குகிறவர் கையில் கிடைப்பது மனைப்பிரிவு வரைபடம் மட்டும். நிபந்தனைக் கடிதம் மனைப்பிரிவு போட்டவரிடமே தங்கிவிடுகிறது. சுயசான்றும் இந்தக் கடிதத்தைக் கேட்பதில்லை. எனவே அங்கீகரிக்கப்பட்ட மனையாக இருந்தால், அனுமதி ஆணையையும் அதனுடன் இணைந்த நீர்வளத்துறைக் கடிதத்தையும் விற்பவரிடம் கேளுங்கள். இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மனைப்பிரிவு அங்கீகார எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். கடிதத்தில் நிரப்பச் சொன்ன மட்டம் வேறு, மனைப்பிரிவில் உள்ளபடி மண் மட்டம் வேறு என்று இருந்தால், அந்த வித்தியாசத்துக்கான மண் செலவை மனை விலையில் பேரம் பேச இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

2017 திட்டத்தில் வரன்முறைப்படுத்தப்பட்ட மனைகளில் இந்தக் கடிதத்தை எதிர்பார்க்காதீர்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் அங்கீகாரமில்லாமல் பிரிக்கப்பட்டு, பின்னால் கட்டணம் செலுத்தி முறைப்படுத்தப்பட்டவை அவை. நீர்நிலையில் இருந்தால் வரன்முறைக்குத் தகுதியில்லை என்பது சரிதான். ஆனால் அந்தத் தெருக்களில் பலவற்றுக்கு மட்டம் பார்த்துச் சாலையும் வடிகாலும் போட்டவர் யாரும் இல்லை. தாழ்வான மனை மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பேஸ்மட்டம் எத்தனை அடி?

பேஸ்மட்டம் என்பது மண்ணுக்கு மேல் வீட்டுத் தரை நிற்கும் உயரம். இணையதளம் கேட்காத, ஆனால் வீட்டின் விதியைத் தீர்மானிக்கும் எண் இது. மேஸ்திரியைக் கேட்டால் ‘ரோட்டிலிருந்து மூணடி’ என்பார். மேட்டுத் தெருவில் அது போதும், பள்ளத் தெருவில் போதாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்சம் சுற்றியுள்ள தரையிலிருந்து 450 மில்லிமீட்டர். அது சாதாரண மழைச்சாரலுக்கான அளவு, வெள்ளத்துக்கானது அல்ல.

மட்டம் எடுக்கும் முறை எளிது. ஆட்டோ லெவல் என்ற மட்டக்கருவி வைத்திருக்கும் சர்வேயரை அரைநாள் அழைத்தால் போதும். தெருவில் அசையாத ஒரு புள்ளியை, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரோ கோயில் படியோ, 100.00 அடி என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க வேண்டியவை: தெருத் தொடக்கம், உங்கள் வாசல், தெரு முடிவு ஆகிய இடங்களில் சாலையின் நடுமுதுகு, மழைநீர் வடிகாலின் மேல்மூடியும் அடித்தளமும், பாதாளச் சாக்கடை மூடி, மனையின் நான்கு மூலை, இரு பக்கத்து வீடுகளின் தரை, எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய வெள்ளக்கோடு. இந்தக் கடைசி எண்ணுக்கு அரசு ஆவணம் தேட வேண்டாம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் கறையிலும் மின்மீட்டர் பெட்டியிலும் தெரியும். கறை அழிந்திருந்தாலும் எந்தப் படிவரை என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். குறைந்தது 3 வீட்டில் கேளுங்கள். மூன்றும் ஓர் அங்குல இரண்டு அங்குலத்துக்குள் ஒத்துவந்தால் அதுதான் கோடு. சர்வேயர் கிடைக்காவிட்டால் தண்ணீர் நிரப்பிய லெவல் டியூபிலேயே எடுக்கலாம், குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது தரை மட்டம். வெள்ளக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி, சாலை முதுகுக்கு மேல் 3 அடி, இந்த இரண்டில் எது உயரமோ அது. ஒரு கணக்கு: சாலை 100.00, வெள்ளக்கோடு 102.25, மனை சாலையைவிட ஒன்றரை அடி பள்ளம், அதாவது 98.50. வெள்ளக்கோட்டுக் கணக்கில் 103.75, சாலைக் கணக்கில் 103.00. எனவே தரை 103.75. மனை மண்ணிலிருந்து பேஸ்மட்டம் 5¼ அடி வருகிறது. மேஸ்திரி சொன்ன மூன்றடியை மனை மண்ணிலிருந்து எடுத்திருந்தால் தரை 101.50இல் நின்றிருக்கும், அதாவது 2015இல் முக்கால் அடி தண்ணீருக்குள்.

சாலை முதுகுக்கு மேல் 3 அடி என்றது, இனிமேல் சாலை உயர்வதையும் சேர்த்துத்தான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தல் கொடுத்த பிறகு நிலைமை சற்று மேம்பட்டிருக்கிறது. உட்தெருக்களில் இன்னும் மேலேயே போட்டுவிட்டுப் போவதைப் பார்க்கலாம். இயந்திரம் தெருவுக்குள் வரும் நாளில் சுரண்டும் இயந்திரமும் வருகிறதா என்று கவனித்து, இல்லையென்றால் அன்றைக்கே உதவிப் பொறியாளரிடம் சொல்ல வேண்டும். போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

5¼ அடி பேஸ்மட்டம் என்பது வெறும் மண் நிரப்பும் வேலை இல்லை. வீட்டின் அடித்தளப் பரப்பு 800 சதுர அடி என்றால் 4,200 கன அடி, அதாவது 42 யூனிட் (100 கன அடி ஒரு யூனிட்). இறுகும்போது குறையும் கால் பங்கையும் சேர்த்தால் 52 யூனிட்டுக்கு மேல், மூன்று யூனிட் டிப்பரில் 17, 18 நடை. இதை ஒரேயடியாகக் கொட்டி மேலே தண்ணீர் விட்டு ‘செட்’ ஆகட்டும் என்று விடுவதுதான் நடப்பு. விளைவு, முதல் மழைக்காலம் முடிந்ததும் ஹாலின் நடுவில் டைல்ஸ் இறங்கும். அரையடி அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இயந்திரத்தால் இடிக்க வேண்டும். கட்டட இடிபாட்டைப் போட்டால் இடுக்கில் மண் இறங்கிக்கொண்டே இருக்கும், கிராவல்தான் சரி. உள்ளே இருக்கும் மண் வெளிப்பக்கம் தள்ளும் என்பதால் 9 அங்குலச் செங்கல் சுவர் 5 அடி உயரத்துக்குப் போதாது, வயிறு தள்ளும். நடுமட்டத்தில் ஒரு கான்கிரீட் கட்டுப்பட்டை, அல்லது கீழ்ப்பகுதியைக் கான்கிரீட் சுவராகவே போடுவது நல்லது.

மண்ணே நிரப்பாமல், பிளிந்த் பீம் (பேஸ்மட்டத்தின் மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் உத்திரம்) மேல் கான்கிரீட் பலகை போட்டுத் தரையைத் தாங்க வைப்பது இன்னொரு வழி. கம்பிச் செலவு கூடும், மண் செலவு குறையும், டைல்ஸ் இறங்காது. கீழ்ப்பக்கம் வெற்றிடமாக விட்டு, சுவரில் திறப்பு வைத்தால் வெள்ளம் உள்ளே வந்து போகும், சுவருக்கு இரு பக்கமும் அழுத்தம் சமமாகும். அமெரிக்க வெள்ளக் காப்பீட்டு விதிகளில் இதற்கு எண்ணே இருக்கிறது. அடைப்புக்குள் உள்ள ஒரு சதுர அடிக்கு ஒரு சதுர அங்குலத் திறப்பு, குறைந்தது இரண்டு வெவ்வேறு சுவரில், திறப்பின் அடி தரையிலிருந்து ஓரடிக்குள். 800 சதுர அடிக்கு 800 சதுர அங்குலம் என்றால் 8க்கு 16 அங்குலத் திறப்பு ஏழு போதும். நம் ஊரில் கூடுதலாகக் கொசுவலைக் கம்பியும், உள்தரையைத் திறப்பு நோக்கி வாட்டமாகப் போடுவதும் கட்டாயம். இல்லாவிட்டால் வீட்டுக்கடியில் கொசுப் பண்ணைதான்.

மனை முழுவதையும் நிரப்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 1,200 சதுர அடி மனையை 3 அடி உயர்த்தினால், அதுவரை அங்கே நின்றுகொண்டிருந்த ஏறத்தாழ 1,02,000 லிட்டர் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். தெருவில் எல்லோரும் இதையே செய்தால், கடைசியாக வீடு கட்டியவர் தவிர மற்றவர் எல்லாம் பள்ளத்தில். கொழும்பில் தாழ்நிலத்தை நிரப்ப இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி தேவைப்படுவதன் காரணம் இதுதான். இங்கே சின்ன மனையை நிரப்ப யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வெள்ளக்கோடு சாலையிலிருந்து 3 அடிக்கு மேல் போகும் தெருக்களில், வெறும் தூண்கள் நிற்கும் தூண்தளம்தான் நேர்மையான விடை. வாகனம் கீழே, குடும்பம் மேலே. ஆனால் சுயசான்றில் உயரத்துக்கும் மாடிக்கும் வரம்பு இருக்கிறது. தூண்தளம் 8½ அடி, மேலே இரண்டு தளம் தலா 10 அடி என்றால் 28½ அடி. விண்ணப்பிக்கும் நாளில் இணையதளம் காட்டும் வரம்புக்குள் அது அடங்காவிட்டால், தளத்தைக் குறைத்துத் தரையில் இறக்கிக் கட்டாதீர்கள். வழக்கமான அனுமதி வழியில் போங்கள், சில வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான். சென்னை நிலநடுக்க மண்டலம் 3இல் இருப்பதால் தூண்தளத்தில் 9 அங்குலத் தூண் கூடாது. 300 மில்லிமீட்டருக்குக் குறையாத தூணும், நெருக்கமான வளையக் கம்பியும் வேண்டும். மின் பெட்டி, மோட்டார் சுவிட்ச் எதையும் தூண்தளத்தில் வைக்காதீர்கள். ‘வாட்ச்மேன் ரூம்’ என்று பின்னால் அடைக்கும் அறைதான் அடுத்த வெள்ளத்தில் முதலில் மூழ்குவது, விதிமீறலும்கூட.

உயரமான பேஸ்மட்டத்தின் இன்னொரு பின்விளைவு கார் சாய்தளம். 3 அடி ஏற, ஒன்றுக்கு எட்டு வாட்டத்தில் 24 அடி நீளம் வேண்டும். 9 மீட்டருக்குட்பட்ட சாலையில் முன்இடைவெளி 1.5 மீட்டர், 5 அடிதான். மீதி சாய்தளம் தெருவில் நீள்கிறது, வடிகாலின் வாயை அடைக்கிறது, வெள்ளத்தை வரவழைக்கும் வேலையை வீட்டுக்காரரே செய்துவிடுகிறார். காரைச் சாலை மட்டத்தில் நிறுத்தி, வீட்டுக்கு மட்டும் படி வையுங்கள்.

வரைபடத்தில் குறிக்க வேண்டிய மற்றவை

சுயசான்றுக்குக் கழிவுத்தொட்டி, தரைத்தொட்டி, மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றை வரைபடத்தில் காட்டினால் போதும், எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் எல்லா வரைபடத்திலும் ஒரே நகல்தான் இருக்கும். தண்ணீர் நிற்கும் இடத்தில் மூன்றுமே மாற வேண்டும்.

தரைத்தொட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 8க்கு 6, ஆழம் 6 அடி, சுற்றிலும் அரையடி கான்கிரீட். கொள்ளளவு சுமார் 8,150 லிட்டர். வெளியளவு 441 கன அடி, அது விலக்கும் நீரின் எடை 12.5 டன். கான்கிரீட்டின் எடை 10.8 டன்தான். நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது தொட்டி காலியாக இருந்தால் தோணிபோல் எழும்பப் பார்க்கும், குழாய் இணைப்பு முறியும், பக்கத்துத் தரை வெடிக்கும். மழை எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்பி வையுங்கள். கட்டும்போதே அடிப்பலகையைச் சுவருக்கு வெளியே ஓரடி நீட்டினால் மேலுள்ள மண்ணின் எடையும் பிடித்துக்கொள்ளும். தொட்டி வாயை வெள்ளக்கோட்டுக்கு மேல் உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சாக்கடை கலந்த தண்ணீர் குடிநீரில் இறங்கும்.

சாக்கடைக் குழாயில், வீட்டின் கடைசிச் சேம்பருக்கும் தெரு மேன்ஹோலுக்கும் நடுவே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும், தெருச் சாக்கடை வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுப்பது அதுதான். 110 மில்லிமீட்டர் குழாய்க்கு அதே அளவு, அம்புக்குறி தெருவைப் பார்த்து. தலைமுடியோ பிளாஸ்டிக் துண்டோ சிக்கினால் கதவு மூடாது, அதனால் கைவிட்டுச் சுத்தம் செய்யும்படி தனிச் சேம்பருக்குள் வையுங்கள், ஆடி ஆவணியில் ஒருமுறை திறந்து பாருங்கள். வால்வு மூடியிருக்கும் நேரம் வீட்டுக் கழிவும் வெளியே போகாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாடிக் குளியலறையை விடாமல் பயன்படுத்தினால் தரைத்தளக் கழிப்பறை வழியே பொங்கும்.

மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பெசன்ட் நகர் மணலில் உறைகிணறு அற்புதமாக உறிஞ்சும். பள்ளிக்கரணை, வேளச்சேரிக் களிமண்ணில், நீர்மட்டம் மேலே நிற்கும் நவம்பரில், அதே உறை வெறும் தொட்டிதான். அங்கே மாடி நீரைத் தரைத்தொட்டிக்குத் திருப்புவது பயன் தரும். 800 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 7,400 லிட்டர். முதல் மழையைக் கழித்துவிட வால்வு ஒன்றும் வடிகட்டியும் போதும்.

வாசலில் பொருத்தும் அலுமினியத் தடுப்புப் பலகைகள் இப்போது நிறைய விளம்பரமாகின்றன. 2 அடித் தண்ணீர் வரை, கான்கிரீட் தூணில் பொருத்தினால், ரப்பர் நல்லதாக இருந்தால், வேலை செய்யும். 3 அடித் தண்ணீரில் 10 அடி நீளப் பலகை மீது விழும் விசை சுமார் 1,270 கிலோ. அதை 4½ அங்குலக் காம்பவுண்டுச் சுவரில் திருகி வைத்தால் பலகை நிற்கும், சுவர் போகும். கழிப்பறை வழியாக உள்ளே வரும் தண்ணீரை இந்தப் பலகை எப்படியும் தடுக்காது. வால்வு போடாமல் பலகை வாங்குவது வீண்செலவு.

யாருக்கு இந்தச் சேவை?

வெள்ளக்கோடு சாலைக்குக் கீழேயே நின்றுவிடும் மனை என்றால் தயங்காமல் சுயசான்றில் போங்கள். கோடு சாலைக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி என்றால், மேலே சொன்ன மட்டக்கணக்கை முடித்துவிட்டு, வெட்டுத்தோற்ற வரைபடத்தில் சாலை மட்டம், மனை மட்டம், தரை மட்டம் மூன்றையும் எண்ணாகக் குறித்து ஏற்றுங்கள். கேட்கவில்லை என்பதற்காக விடாதீர்கள், பின்னால் அண்டை வீட்டுத் தகராறிலோ விற்பனையிலோ அனுமதி முத்திரை உள்ள அந்த எண்தான் பேசும். 3 அடிக்கு மேல் போகும் மனை, ஆற்றையோ கலங்கலையோ ஒட்டிய மனை, வாய்க்கால் அகலம் குறைந்த மனை, இவற்றுக்குச் சுயசான்றின் வேகம் ஒரு பயனும் தராது. கட்டமைப்புப் பொறியாளரின் வடிவமைப்போடு வழக்கமான வழியில் போவதே சரி.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் ஹார்வி புயலுக்குப் பின் 2018இலிருந்து, வெள்ளச் சமவெளியில் புதிய வீட்டின் தரை 500 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேல் 2 அடி இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. தரை மட்டத்தை உரிமம் பெற்ற சர்வேயர் அளந்து சான்று தர வேண்டும். அனுமதியின் உயிர்நாடியே அந்த ஒரு தாள்தான். இங்கே சுயசான்றுப் படிவத்தில் சர்வேயர் கையெழுத்திட்ட மட்டச் சான்று ஒன்றை, குறைந்தது சென்னைப் பெருநகரின் தாழ்வான வார்டுகளுக்காவது சேர்த்தால், சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் பெரிய ஓட்டை அடைபடும். வேகமும் குறையாது.

கட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளிந்த் பீமுக்குக் கம்பி கட்டி முடித்த அன்று, கான்கிரீட் போடும் முன், அதே 100.00 புள்ளியிலிருந்து மட்டத்தை மீண்டும் எடுங்கள். மேஸ்திரி கயிறு கட்டிய மட்டம் இரண்டு மூன்று அங்குலம் இறங்கியிருப்பது சகஜம். அந்த நேரத்தில் பலகையைத் தூக்கிவைக்க ஒரு மணி நேரம் போதும். வேலை தொடங்கிய பின் பேஸ்மட்டத்தை ஓரடிக்கு மேல் கூட்ட முடிவு செய்தால் மொத்த உயரமும் மாறும் என்பதால், திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு மேலே போங்கள். வரைபடமும் கட்டடமும் ஒத்துப்போகாவிட்டால் அலைச்சல் அங்கேதான் தொடங்கும்.